வாசகர் கேள்வி பதில்: மரச்சட்டத்தில் நின்ற ஆங்கிலக் குடில்கள்

கேள்வி: நுவரெலியா கிராண்ட் ஹோட்டலின் முகப்பிலும் இங்குள்ள சில பழைய பங்களாக்களிலும் வெளிர்நிறச் சுவரின் மேல் இருண்ட மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இங்கிலாந்தின் பழைய குடில்களும் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். உண்மையில் அந்தச் சட்டங்கள் எதையாவது தாங்குகின்றனவா? (நுவரெலியா வாசகி)

பதில்: பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் இந்தப் பாணியில் எழுந்த கட்டடங்களில் பெரும்பாலும் பாரத்தைச் சுமப்பது கல்லோ செங்கல்லோதான், மரம் அலங்காரத்துக்காக மேலே பதிக்கப்பட்டது. அவை பின்பற்றிய பழைய குடிலில் நிலைமை நேர்மாறானது. அங்கே கூரையையும் மேல்மாடியையும் தாங்குவது ஓக் மரச் சட்டகம் மட்டுமே. சுவர் என்று நாம் பார்ப்பது சட்டங்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தை அடைத்த மண்தான். அதைப் பெயர்த்தெடுத்துவிட்டாலும் வீடு நிற்கும்.

ஆகவே அது கொத்தனாரின் வீடன்று, தச்சரின் வீடு. வெட்டிய ஓக்கை ஆண்டுக்கணக்கில் உலரவிடாமல் பச்சையாகவே செதுக்கினார்கள். உலர்ந்த ஓக் உளிக்கு எளிதில் இணங்காது. சட்டகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எந்த மரம் எதனோடு சேரும் என்பதற்கு ரோமன் எண்களை ஒத்த கோடுகளை உளியால் கீறி, பின்னர் கழற்றி வண்டியில் ஏற்றி வீட்டு நிலத்துக்குக் கொண்டு வந்து நிமிர்த்தினார்கள். நான்காம் எண்ணுக்கு நான்கு நேர்க்கோடுகளையே கீறுவது அவர்கள் வழக்கம். இன்றும் பல வீடுகளில் அக்கீறல்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

இணைப்புகளில் இரும்பு ஆணி இல்லை. ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதில் குடைந்த துளைக்குள் செருகி, இரண்டையும் ஊடுருவும்படி ஓக் முளையை அடித்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கழுந்திலுள்ள முளைத்துளையை மற்ற மரத்தின் துளைக்கு நேராக இடாமல் சற்று விலக்கி இடுவார்கள். கூம்பிய முளை உள்ளே இறங்க இறங்க இரண்டு மரங்களையும் இழுத்து நெருக்கிவிடும். பச்சை மரம் உலரும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும் என்பதால், பழைய குடில்களின் தளமும் நிலையும் கோணலாகத் தெரிகின்றன. அது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே நேர்ந்த கோணல்.

சட்டங்களுக்கிடையே ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் என்னும் வளையும் செடியின் கழிகளை அவற்றினூடே பின்னி, களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் மிதித்துப் பிசைந்து இரு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீட்டைக் கண்ட நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே பிறந்த ஷாட்டரிக் குடில் இம்முறைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் மிகப் பழைய பகுதி 1463 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இயல்பாகவே வளைந்த மரத்தை நடுவே பிளந்து, இரு பாதிகளையும் தரையிலிருந்து கூரை உச்சிவரை எதிரெதிராகச் சாய்த்து நிறுத்தும் முறை அங்கே கையாளப்பட்டுள்ளது.

கேள்வி: கறுப்பு வெள்ளை நிறம் தொடக்கத்திலிருந்தே உள்ளதா? (பதுளை வாசகர்)

பதில்: பெரும்பாலான இடங்களில் இல்லை. ஓக் தானாகவே வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அதை அப்படியே விட்டார்கள், அல்லது மரத்தையும் சுவரையும் சேர்த்துச் சுண்ணாம்பு பூசினார்கள். மரத்துக்குக் கறுப்புப் பூசும் மோகம் பெரும்பாலும் விக்டோரியா காலத்தது. மலையகத்துக்கு வந்ததும் அந்த மோகம்தான். கூடவே ஒரு திருத்தம்: ஹப்புத்தளையில் 1931 இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகையையும் சிலர் இவ்வகையில் சேர்க்கிறார்கள். அது டியூடர் காலச் (பதினாறாம் நூற்றாண்டை ஒட்டிய இங்கிலாந்து அரச மரபுக் காலம்) சாயல் கொண்ட கருங்கல் மாளிகை, மரச்சட்ட வீடன்று.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர், தமது ஊரிலுள்ள பழைய குடில் உடைந்த கப்பல்களின் மரத்தால் கட்டப்பட்டது என்கிறார். நம்பலாமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: அந்நாட்டில் ஊருக்கு ஊர் சொல்லப்படும் கதை இது. துறைமுகத்தை அண்டிய இடங்களில் அபூர்வமாக நடந்திருக்கலாம். உள்நாட்டுக் கிராமத்துக்குக் கனத்த மரங்களை மண்பாதையில் இழுத்து வருவதைவிடப் பக்கத்துக் காட்டில் வெட்டுவதே மலிவு. பயனின்றிக் கிடக்கும் வெற்றுத் துளைகளையும் வளைந்த சட்டங்களையும் சான்றாகக் காட்டுவார்கள். துளைகள் பெரும்பாலும் வேறொரு பழைய வீட்டின் மரத்தை மீண்டும் பயன்படுத்தியதைக் காட்டுகின்றன. வளைந்த மரங்களோ தாங்குசட்டத்துக்கென்றே தேடி எடுக்கப்பட்டவை. மைத்துனர் உத்தரத்தின் கரியைப் பார்த்து வரட்டும். கூரையின் உட்புற மரங்களில் புகைக்கரி படிந்திருந்தால், புகைபோக்கி வருமுன்னர் நடுக்கூடத்துத் தரையில் நெருப்பெரித்த காலத்து வீடாக அது இருக்கக்கூடும். மரம் வெட்டப்பட்ட ஆண்டையே மர வளையங்களை ஒப்பிட்டுப் பல வேளைகளில் சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டும் வீட்டின் முகப்பை இப்பாணியில் அமைக்க விரும்புகிறோம். புளொக் கல் சுவரில் பலகை அறைந்து கறுப்பு அடித்தால் போதும் என்கிறார் மேசன் பாஸ். (பண்டாரவளை வாசகி)

பதில்: தோற்றத்துக்குப் போதும், மழைக்குப் போதாது. இங்கிலாந்திலேயே கடந்த நூற்றாண்டில் பலர் மண்ணை எடுத்துவிட்டுச் சீமெந்து அடைத்தார்கள். மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்க, இறுகிய சீமெந்து அசையாததால் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தது. அதன்வழி புகுந்த நீர் வெளியேற வழியின்றி அடிச்சட்டத்தை உளுக்கச் செய்தது. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் என்பதால், பழுது பார்ப்போர் இன்று அவற்றுக்கே திரும்புகிறார்கள். உங்கள் வீட்டில் பலகை அறைவதானால் சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்றோட்ட இடைவெளி விடுங்கள், குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பை நீர் வடியச் சரித்துச் செதுக்கச் சொல்லுங்கள், கூரை இறவாணத்தை அகலமாக நீட்டுங்கள், அடிப்பலகையை மண்ணிலிருந்து ஒரு முழமாவது உயர்த்துங்கள். இவ்வளவு சிரமமா என்று பாஸ் முகஞ்சுளித்தால், பலகையே வேண்டாம். பெயின்டால் கோடிழுத்துக்கொள்வது மேல்.