வேலையில் திறமை இருந்தால் போதாதா? தொழில் நெறி எதற்கு?

போதாது என்றுதான் சொல்வேன். நம் வேலையை நம்பியிருப்பவர்களில் பெரும்பாலானோரால் அதைச் சரிபார்க்க முடியாது. மாத்திரை வாங்குகிறவர் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டா விழுங்குகிறார்?

மருந்து என்றதும் எனக்கு ஃபிரான்சஸ் கெல்சிதான் நினைவுக்கு வருவார். 1960-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வில் அவர் சேர்ந்த புதிது. தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை விற்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மருந்து. அனுமதி கொடுத்திருந்தால் அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுப்பாவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்கு வந்துவிடும் என்பது அப்போதைய விதி. கெல்சி ஒவ்வொரு முறையும் கெடு முடிவதற்குள் 'ஆதாரம் போதவில்லை' என்று எழுதி அனுப்பினார். நிறுவனம் விடாமல் நச்சரித்தது, மேலதிகாரிகளிடமும் புகார் போனது. நடுவே, இந்த மருந்தால் நரம்பு பாதிக்கப்படுவதாக ஒரு மருத்துவ இதழில் கடிதம் வந்தது. அதைப் படித்தவர், கர்ப்பிணிகள் சாப்பிட்டால் கருவுக்கு ஆபத்தில்லை என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இருக்கவில்லை. 1961 நவம்பரில், கை கால் வளராமல் குழந்தைகள் பிறப்பதற்கு இந்த மருந்தே காரணம் என்ற சந்தேகம் வலுத்து ஜெர்மனியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000-க்கும் மேல். அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை மிகக் குறைவு. அதுவும் பெரும்பாலும் சோதனைக்கென்று டாக்டர்களிடம் நிறுவனம் கொடுத்து வைத்திருந்த மாத்திரைகளால்.

இதில் வீரசாகசம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். விண்ணப்பத்தை ஒழுங்காகப் படித்தார், இல்லாததைக் கேட்டார், அவ்வளவுதான்.

திறமை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் உதாரணம். புகைப் பரிசோதனை நடப்பதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் நச்சு வாயுவைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் இருந்தது 2015-ல் அம்பலமானது. அதை எழுதியவர்களின் திறமையில் என்ன குறை? அத்தனை பேருக்கும் சம்பளம் வந்தது. அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களுக்காகப் பேசத்தான் அங்கே ஆள் இல்லை.

சரி, 'முடியாது' என்று சொன்னால் வேலை போய்விடாதா? போகலாம், அதை மறைத்து அறிவுரை சொல்வது நியாயமில்லை. எனவே எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். தப்பாகப் படும் உத்தரவு வாய்வழியாக வந்தால், "இதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் தரத் தயங்குகிறார்கள் என்றால், அந்த வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.