ஸ்பிளிட் ஸ்கிரீன்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில், போன் பேசும் இருவரை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது எப்படி?

ப: டைம்லைன் 1920×1080 என்றால் ஆளுக்கு 960 பிக்சல். கிளிப்புகளை மேலும் கீழுமாக இரண்டு டிராக்கில் வைத்து, இரண்டுக்கும் கிராப் எஃபெக்டில் இடது 25, வலது 25 சதவீதம் வெட்டுங்கள். பிறகு பொசிஷன் ஒன்றுக்கு 480, 540. மற்றதற்கு 1440, 540. அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இடப்பக்கத்து ஆள் வலப்பக்கம் பார்க்க வேண்டும், வலப்பக்கத்து ஆள் இடப்பக்கம்.

கே: டாவின்சி ரிசால்வ் மென்பொருளில்?

ப: அதே கணக்கு. அங்கே நடுதான் பூஜ்யம் என்பதால் -480, 480.

கே: இரட்டை வேடம் எடுத்தேன். ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் போட்டும் நடுவில் கோடு தெரிகிறது.

ப: அது எடிட்டிங்கில் வந்த கோடு இல்லை, ஷூட்டிங்கிலேயே வந்தது. கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்திருப்பீர்கள், வெள்ளைச் சட்டையோடு ஆள் வந்ததும் கேமரா சுவரையும் சேர்த்து இருட்டாக்கிவிடும், அப்புறம் இரண்டு பாதியும் எப்படி ஒட்டும்? எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் லாக் செய்யுங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப் லைட்டில் படம் மினுக்காமல் இருக்க ஷட்டர் 1/50. வெயிலில் என்றால் இரண்டாவது டேக்கை உடனே எடுங்கள், நிழல் உங்களுக்காக நிற்காது. பிரிக்கும் கோட்டைத் தூண் ஓரத்திலோ கதவு நிலையிலோ மறையுங்கள். முக்கியமாக, ட்ரைபாடைத் தொடாதீர்கள். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து எடுத்துவிட்டு, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை எடுப்பார்கள். இடையில் கேமரா அசைந்தால் இரண்டு பாதியும் போச்சு. நானே நடுவில் பேட்டரி மாற்றப் போய் அரை நாள் உழைப்பைத் தொலைத்தவன்.

கே: மொபைலில் முடியுமா?

ப: முடியும். எடிட்டிங் ஆப்பில் இரண்டாவது வீடியோவை முதலாவதின் மேல் லேயராகச் சேர்த்து கிராப் செய்யுங்கள்.

கே: போனில் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லையே, எதற்கு எதிரெதிராகப் பார்க்க வேண்டும்?

ப: அவர்களுக்குத் தெரியாது, பார்க்கிறவருக்குத் தெரியுமே. இருவரும் ஒரே பக்கம் பார்த்தால் மூன்றாவது ஆளோடு பேசுவது போலிருக்கும்.

கே: (அவரே) போனில் சண்டை போடும் காட்சி என்றால்?

ப: சரி, அங்கே ஒப்புக்கொள்கிறேன். முதுகோடு முதுகு வைத்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் அதைத் தெரிந்து செய்யுங்கள், தவறிப்போய் அமைந்ததற்குக் காரணம் தேடாதீர்கள்.

கே: ரீல்ஸுக்கு?

ப: 1080×1920. மேலும் கீழுமாகப் பிரித்தால் 1080×960.

கே: மொபைலில்...

ப: மேலே பாருங்கள்.

கே: ட்ரைபாட் இல்லை. புத்தகம் அடுக்கி அதன்மேல் வைக்கலாமா?

ப: வைக்கலாம். வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இல்லையே?