உவர் சதுப்பு நிலத்துக்கு அடியில் நீர் எப்படி நகர்கிறது? கேள்வி பதில்

கேள்வி: ஓதத்தில் கடல் ஏறும்போது கரையோர உவர் சதுப்பு நிலம் ஸ்பாஞ்ச் மாதிரி நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார்களே, சரியா?

பாதிதான் சரி. ஸ்பாஞ்ச் உறிஞ்ச வேண்டுமானால் உள்ளே காலி இடம் வேண்டும். சதுப்பு மண்ணோ பெரும்பாலான நேரம் நிரம்பியே கிடக்கிறது. கடல் வற்றும்போது, சதுப்புக்குள் கடல்நீர் வந்து போகும் ஓடைகளின் கரையை ஒட்டிய சில மீட்டர் அகலத்தில் மட்டும் நிலத்தடி நீர் ஓடைக்குள் கசிந்து வடியும். அடுத்த ஏற்றத்தில் அந்த இடம் மறுபடி நிரம்பும். உள்ளே தள்ளிப் போனால் நீர்மட்டம் தரையை ஒட்டியே நிற்கும். அங்கே அதைக் குறைப்பவை பெரும்பாலும் வெயிலும் செடிகளும்தான்.

கேள்வி: ஓடைக்கரையில் புல் ஆளுயரம், உள்ளே முழங்கால் உயரம். உரம்தான் காரணமா?

உரமும் உண்டு. ஆனால் அதைவிட நீர் வடிவதைப் பாருங்கள். கரையோரம் நீர் இறங்கும்போது மண்ணுக்குள் காற்று போகிறது. உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது தேங்கினால் வேர் நைட்ரஜனை எடுக்கத் திணறும். அப்புறம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் இருக்கும். கடல் எப்போதாவது மட்டும் எட்டும் மேட்டில் நீர் ஆவியாகி, மண்ணுக்குள் இருக்கும் நீரின் உப்பு அதைப்போல் இரண்டு மடங்கையும் தாண்டலாம். வெற்றுத் திட்டுகள் அப்படியும் உருவாகின்றன.

கேள்வி: மண் துண்டு ஒன்றை ஆய்வகத்தில் சோதித்தேன். நீர் நகரவே இல்லை. இதில் எங்கே ஓட்டம்?

உங்கள் துண்டுக்குள் நண்டு வளை இருந்திருக்காது! வளைகளும் மக்கிய வேர்த் துளைகளும்தான் சதுப்பின் உண்மையான குழாய்கள். அதனால் களத்தில் அளந்தால் பல மடங்கு கூடுதலாக வருவது சகஜம். சேற்றுக்குக் கீழே மணல் அடுக்கு இருந்தால் கடல் ஏற்றத்தின் அழுத்தம் அதன் வழியாக வெகுதூரம் உள்ளே போகும்.

கேள்வி: பழைய கடல் தடுப்புக் கரையை உடைத்து வயலுக்குள் கடலை விட்டார்கள். இப்போது ஒரே பச்சை. இனி அது இயற்கைச் சதுப்புதானே?

பச்சையை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் டோல்ஸ்பரியில் 1995-இலும் ஸ்டீயர்ட்டில் 2014-இலும் இப்படிக் கரையை உடைத்தார்கள். இத்தகைய நிலங்களில் வடிகாலும் உழவும் நடந்த காலத்தில் மண்ணின் மக்கு (மக்கிய தாவரப் பொருள்) சிதைந்து, நிலம் சுருங்கி இறுகிப்போயிருக்கும். கடல் வந்ததும் அதன் மேல் புது வண்டல் படிகிறது, பழைய வயல்மண் அடியில் ஒரு மூடிபோல் கிடக்கிறது. நீர் மேலிருந்து கீழே இறங்க முடியாமல் அந்த அடுக்கின் மேலேயே தேங்கி நிற்கும். ஓடைகளும் குறைவு என்பதால் வடிய வழியில்லை. தாவர வகைகள் பல ஆண்டுகள் கழித்தும் பக்கத்து இயற்கைச் சதுப்பை எட்டாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. தூர்வாரிய மணலைக் கொட்டி உருவாக்கும் சதுப்பில் சிக்கல் நேர்மாறு: நீர் வேகமாக வடியும், மக்கு இருக்காது.

கேள்வி: வாய்க்கால் வெட்டிவிட்டால் போதாதா?

உதவும். கரையை உடைப்பதற்கு முன்பே வெட்ட வேண்டும், ஏனென்றால் இறுகிய மண்ணைக் கடல் தானாக அரித்து ஓடை உண்டாக்க நெடுங்காலம் ஆகும். நேர்கோட்டில் ஒன்றைவிட கிளைவிடும் சிறு ஓடைகள் நல்லது. கறுப்பு மண் தட்டுப்பட்டால் ஜாக்கிரதை. அதிலுள்ள இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4-க்கும் கீழே போகலாம் (குறையக் குறைய அமிலம் கூடும்).

கேள்வி: அடியில் கசியும் இந்த நீர் கடலுக்கு ஒரு பொருட்டா?

பொருட்டுதான். அமெரிக்காவின் தென் கரோலினாக் கடலோரத்தில் ஆய்வாளர் வில்லர்ட் மூர், நிலத்தடி நீரின் தடயமாக ரேடியம்-226 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துக் கணக்கிட்டு 1996-இல் வெளியிட்டார்: அங்கே கடலில் சேரும் நிலத்தடி நீர், ஆறுகள் கொண்டுவருவதில் சுமார் 40 சதவீதம். அது முழுக்க நன்னீர் அல்ல, மண்ணுக்குள் போய்த் திரும்பும் கடல்நீரும் அதில் அடக்கம்.

கேள்வி: சின்ன பட்ஜெட்டில் எப்படி அளப்பது?

ஓடைக்கரையில் ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு இடம். ஒவ்வொன்றிலும் ஆழமாக ஒரு குழாய், மேலாக ஒரு குழாய். அமாவாசை அல்லது பௌர்ணமியின் பெரிய ஏற்றமும், இடைநாட்களின் சிறிய ஏற்றமும் அகப்படும்படி குழாய்களின் நீர்மட்டத்தைக் குறைந்தது 15 நாள் தொடர்ந்து பதியுங்கள். உப்பையும் சேர்த்து அளக்க வேண்டும். உப்புநீர் கனமானது, மட்டங்களை அதற்கேற்பத் திருத்தாமல் ஒப்பிட்டால் நீர் நகரும் திசையே தலைகீழாகத் தெரியக்கூடும்.