சர்ச் ஹாலில் விளக்கேற்றலாமா?

தம்பி, இங்கிலாந்தில் ரெடிங்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மகளின் முதல் பிறந்தநாளுக்கு அறுபது பேரைக் கூப்பிட வேண்டும், ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது, சர்ச் ஹாலை நம்மைப் போன்ற இந்துக்களுக்குத் தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவி அங்கேயே பரதநாட்டிய வகுப்பு தொடங்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வி.

தருவார்கள். நான் இங்கே வந்தது 2009இல். இதுவரை வாடகைக்கு எடுத்த ஹால்களில் முக்கால்வாசி ஏதோ ஒரு சர்ச்சுடையதுதான். என்ன மதம் என்று ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை பேர், எத்தனை மணிவரை, பாட்டு உண்டா என்றுதான் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முப்பது முதியவர்கள் வரும் இடத்தில் காணிக்கையை மட்டும் வைத்துக் கூரையைப் பழுதுபார்க்க முடியுமா? ஹால் வாடகைதான் அங்கே கேஸ் பில் கட்டுகிறது. ஆகவே தயங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஆராதனை நடக்கும் ஆலயம் வேறு, பக்கத்தில் இருக்கும் ஹால் வேறு. உங்களுக்கு வேண்டியது ஹால். அதற்குப் பாதிரியாரைத் தேட வேண்டாம். முன்பதிவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. அவரைச் சம்பாதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2011 நவம்பரில் என் மகனுக்கு முதல் பிறந்தநாள். நிபந்தனைகள் என்று நான்கு பக்கத் தாளைக் கொடுத்தார்கள். வாடகை போட்டிருந்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். குத்துவிளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. என் மாமியார்தான், சாம்பிராணி இல்லாமல் என்ன விசேஷம் என்று ஒரு கரண்டியில் போட்டு ஹாலைச் சுற்றி வந்தார். அலாரம் அலறியது. பட்டுப்புடவையும் வேட்டியுமாக எழுபது பேர் குளிரில் நடைபாதையில் நின்றோம். தீயணைப்பு வண்டி வந்து, சுற்றிப் பார்த்து, சிரித்துக்கொண்டே போனது. திறந்த நெருப்பு கூடாது என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. டெபாசிட்டில் ஐம்பது பவுண்டு பிடித்தார்கள். வாதாட எனக்கு வாயில்லை.

அதிலிருந்து, கேட்டு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுவேன்: ஓர் எண்ணெய் விளக்கு, பத்து நிமிடம், புகை கிடையாது, பக்கத்தில் ஆள் நிற்பார். சிலர் சரி என்பார்கள், சிலர் பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஐயர் வந்து பூஜை செய்வதாக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பிறந்தநாள் விருந்துக்குத் தலையாட்டும் சபைகளிலும், தங்கள் கட்டடத்தில் வேறு மத வழிபாடு கூடாது என்ற விதி இருக்கலாம். அப்படியானால் பூஜையை வீட்டில் முடித்துவிட்டு, கேக்கையும் சாப்பாட்டையும் ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: பல ஹால்களின் சமையலறை சூடுபடுத்த மட்டும்தான், தாளிக்க நினைக்காதீர்கள். மது என்றால் முதலில் எந்தச் சபை என்று பாருங்கள். மெதடிஸ்ட் ஹாலில் பொதுவாக மது கூடாது. மற்ற இடங்களில் அனுமதி தந்தால் விருந்தினருக்குச் சும்மா ஊற்றிக் கொடுக்கலாம். விற்பதென்றால், உரிமம் இல்லாத ஹாலில் கவுன்சிலுக்குப் பத்து வேலை நாட்களுக்கு முன்பே தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும், கட்டணம் 21 பவுண்டு.

சனிக்கிழமை மாலை எடுத்தால், மறுநாள் காலை அதே தரையில் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் உட்காருவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மஞ்சள், குங்குமம், அட்சதை மூன்றும் மரத்தரைக்கு எதிரிகள். பலகை இடுக்கில் போன அரிசியை இரவு பத்து மணிக்கு முழங்காலிட்டுப் பல்குத்தும் குச்சியால் எடுத்திருக்கிறேன். விளக்குக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். வாடகை மணிக்கணக்கு என்பதால் அலங்கரிக்கும் நேரமும் பெருக்கும் நேரமும் அதில் சேரும். ஐந்து மணி நேர விழாவுக்கு ஏழு மணி நேரம் எடுப்பதே நல்லது.

இனி உங்கள் மனைவியின் வகுப்பு. காசு வாங்கிக் கற்றுக்கொடுத்தால் அது வணிகம். வாடகை விகிதம் வேறாக இருக்கலாம். ஆனால் வாராவாரம் வருபவர்களுக்குக் குறைத்துத் தருவதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். பிறந்தநாள் விருந்தைப் பெரும்பாலும் ஹாலின் காப்பீடே தாங்கும், வகுப்பைத் தாங்காது. வருபவர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டைச் சொந்தமாக எடுக்க வேண்டும். குழந்தைகள் என்பதால் குற்றப் பின்னணி உண்டா என்று பார்த்துத் தரும் டி.பி.எஸ். சான்றிதழும் கேட்பார்கள். வரி ஆண்டில் வகுப்பு வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிய வேண்டும். உங்கள் விசாவைச் சார்ந்து வந்தவர் என்றால் அவர் சுயதொழில் செய்யத் தடையில்லை. நீங்கள் அதில் கூட்டாளியாகப் பெயர் போடாதீர்கள், உங்கள் விசாவின் கதை வேறு.

சபை மறுக்கவும் கூடும். 2012இல் சவுத்தாம்ப்டனில் ஒரு கத்தோலிக்க ஹாலில் யோகா வகுப்பை, அது இந்து சமயப் பயிற்சி என்று சொல்லி ரத்து செய்தார்கள். நடராஜர் சிலை, பூ, ஆடும் முன் பூமியை வணங்கும் தட்டிக் கும்பிடுதல் எல்லாம் வகுப்பில் உண்டு என்றால், ஆறு மாதம் கழித்து யாரோ கதவிடுக்கில் பார்த்துப் புகார் சொல்வதைவிட நாமே முதல் நாள் சொல்வது மேல். நடன வகுப்பு நடத்தும் என் தோழி ஒருத்தி, தான் எடுத்த சர்ச் ஹாலில் அப்படித்தான் சொன்னாள். சிலையை வகுப்பு முடிந்ததும் காரில் வைத்துவிடுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அங்கேதான் நடத்துகிறாள்.

ஹாலைப் பார்க்கப் போகும்போது விழா நடக்கும் அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஹீட்டரை யார், எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்றும் கேளுங்கள். நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். எண்பது என்று எழுதியிருக்கும் இடத்தில் நான் ஐம்பத்து மூன்றுதான் கண்டேன்.