டெஸ்லா காரில் மழையே இல்லாதபோது வைப்பர் ஓடுவது ஏன்?

வெயிலில் வறண்ட கண்ணாடியைத் தேய்க்கிறது, தூறலில் சும்மா நிற்கிறது என்கிறீர்கள். வைப்பர் தானாக ஓடும் பெரும்பாலான கார்களில் முன் கண்ணாடிக்குப் பின்னால் அகச்சிவப்பு மழை உணரி ஒன்று இருக்கும். துளி விழுந்தால் எதிரொளித்து வரும் ஒளி குறையும், வைப்பர் ஓடும். இப்போதைய டெஸ்லாக்களில் அது இல்லை. முன்புறக் கேமராவின் படத்தைப் பார்த்து மென்பொருள் மழையை ஊகிக்கிறது. எதிர்வெயிலும் பூச்சிக் கறையும் அதை ஏமாற்றிவிடும். இவ்வளவு விலையுள்ள காரில் ஒரு சிறு உணரியை மிச்சம்பிடித்தது எனக்கு ஒப்பவில்லை.

முதலில் கேமராவுக்கு நேரே உள்ள கண்ணாடியை நன்றாகத் துடையுங்கள். உட்புறம் படியும் மங்கலான படலத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதைத் துடைக்கக் கேமரா மூடியைக் கழற்ற வேண்டும் என்பதால் சேவை மையத்திடம் விடுங்கள். மென்பொருளையும் புதுப்பியுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், திரையில் ‘ஆட்டோ’வை அணைத்துவிட்டு வேகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோபைலட்டை (காரைத் தானாகச் செலுத்த உதவும் வசதி) இயக்கினால் மட்டும் அது மறுபடி ‘ஆட்டோ’வுக்குத் தாவக்கூடும்.