கடலும் மலையும் கைகோக்கும் குமரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடற்கரை ஊரிலேயே வாழ்ந்தும், சூரியன் கடலில் மறைவதை என் பெற்றோர் பார்த்ததில்லை. எழுபது வயதைக் கடந்த அவர்களுடன் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சென்று, கடலையும் மலையையும் நிதானமாகப் பார்த்துவர விரும்புகிறோம். எப்போது செல்லலாம், எங்கே தங்கலாம்?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: கிழக்கு நோக்கிய தேவனாம்பட்டினம் கடற்கரையில் உதயத்தை மட்டுமே காண முடியும் என்பதால், உங்கள் பெற்றோரின் ஆசை மிக நியாயமானது. ஆனால், கன்னியாகுமரியிலும் ஆண்டு முழுவதும் அஸ்தமனம் கடலில் நிகழ்வதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் வடமேற்கே சாய்ந்து நிலப்பகுதிக்குப் பின்னால் மறைந்துவிடும். ஐப்பசி முதல் மாசி வரை தென்மேற்கே இறங்கும் காலத்தில்தான் அது கடலுக்குள் அமிழ்வதைப் பார்க்கலாம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் அது. ஆகவே மழை ஓய்ந்து, சபரிமலை பக்தர்களின் வருகையும் பொங்கல் விடுமுறைக் கூட்டமும் தணிந்திருக்கும் தை மாதப் பிற்பகுதியையே நான் பரிந்துரைப்பேன்.

விழுப்புரத்திலோ விருத்தாசலத்திலோ இரவில் கன்னியாகுமரி விரைவு ரயிலில் ஏறினால், விடியும் வேளையில் நாகர்கோவில் சேரலாம். பெற்றோருக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கும்படி முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். உதயத்துக்காகக் கன்னியாகுமரியில் ஓர் இரவு தங்கினால் போதும். மற்ற நாட்களுக்கு நாகர்கோவிலே வசதி. பலர் முக்கடல் முனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. மாவட்டத்தின் மேற்குப் பாதியைக் காணாதவர் குமரியைப் பாதிதான் கண்டவர்.

விவேகானந்தர் பாறைக்குக் காலையிலேயே படகில் சென்றுவிடுங்கள். 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கு இப்போது அங்கிருந்தே நடந்து செல்லலாம்; 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. கடல் சீற்றமாக இருந்தால் படகு ஓடாது என்பதால், இதைப் பயணத்தின் கடைசி நாளுக்கு ஒத்திவைக்க வேண்டாம்.

மலைப்பக்கத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, ஏறத்தாழ நூறு அடிக்கும் மேலான உயரத்தில் பாசன நீரைச் சுமந்து செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1960களில் கட்டப்பட்டது. கால்வாயை ஒட்டிய நடைபாதை சமதளமாக இருப்பதால் பெரியவர்களும் மெதுவாக நடந்து, இருபுறமும் விரியும் தென்னந்தோப்புகளையும் தொலைவில் தெரியும் மலைகளையும் பார்க்கலாம். ஆற்றுக்கு இறங்கும் படிகளை மட்டும் அவர்கள் தவிர்க்கட்டும். அருகிலுள்ள திற்பரப்பு அருவியையும் அன்றே பார்த்துவிடலாம். தக்கலை அருகே, திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தில் உள்ள மர அரண்மனையைத் தவறவிடாதீர்கள். கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே குறுகலான, செங்குத்தான மரப்படிகள் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்வது நல்லது.

அஸ்தமனத்துக்கு ஒரு மாலை முட்டம் செல்லுங்கள். கலங்கரை விளக்கமும் பாறைகளும் மீனவர் படகுகளும் சேர்ந்த அந்தக் கரையில், கன்னியாகுமரியின் கடைவீதி இரைச்சல் இல்லை.

கேள்வி: பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் விடுமுறை. அப்போது அங்கே கடலில் குளிக்கலாமா?
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: செல்லலாம்; கடலில் இறங்க வேண்டாம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் எழும் புயற்காற்றின் பேரலைகள், காற்றே இல்லாத வெயில் நாளிலும் குமரிக் கரையைத் திடீரென மோதுவதுண்டு. மீனவர்கள் கள்ளக்கடல் என்று அழைக்கும் இந்த அலைகள் ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதத்தில், கணபதிபுரம் அருகே கடலில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தனர். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் நாளிலும் அங்கு சென்ற பின்னும் அதைக் கவனியுங்கள். எச்சரிக்கை உள்ள நாளில் பாறைகளின் மீதுகூடப் பிள்ளைகளை நிற்கவிடாமல், அன்றைய பொழுதை மாத்தூருக்கும் பத்மநாபபுரத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.