இரட்டையர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் இரட்டைப் பையன்களுக்கு ஏழு வயது. தூங்கும் முன் கிரேக்கக் கதைகள் சொல்வேன். காஸ்டர், பொலக்ஸ் என்ற இரட்டையர் கதையில் குழம்பிவிட்டேன். அவர்கள் அம்மா லேடாவின் பிள்ளைகள் பிறந்தது ஒரு முட்டையிலா, இரண்டிலா? அப்பா தேவர்களின் அரசன் ஸியூஸா, ஸ்பார்ட்டா மன்னன் டின்டேரியஸா? காஸ்டர் இறந்ததும் பொலக்ஸ் தன் சாகாவரத்தில் பாதியைக் கொடுத்தான், ஒருவன் விண்ணில் இருக்கும் நாளில் மற்றவன் பாதாளத்தில் இருப்பான், இதுதான் தியாகம் என்று சொல்லி முடித்தேன். சின்னவன் அழுதுவிட்டான். "அப்போ ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டாங்களா?" என்றான். எது சரியான கதை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முட்டைக் கணக்கை விடுங்கள். ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், ஹோமர் முட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா விஷயம் மட்டும் கதைக்குத் தேவை. காஸ்டர் மன்னனின் மகன், சாகப் பிறந்தவன். பொலக்ஸ் ஸியூஸின் மகன்.

உங்கள் சின்னவன் கேட்டதுதான் கேள்வி. நீங்கள் சொன்ன வடிவத்தை கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க எழுத்தாளர் லூசியன் கிண்டல் செய்துவிட்டார்: இப்படிப் பங்கு போட்டால் அண்ணனும் தம்பியும் எப்படிச் சந்திப்பார்கள் என்று அவர் எழுதிய உரையாடலில் அப்போலோ தேவன் கேட்கிறான். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது தோன்றிவிட்டது. உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? 'தியாகம்' என்ற சொல் கிடைத்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டீர்கள்.

கிரேக்கக் கவிஞர் பிண்டாரின் பத்தாவது நெமியப் பாடலைப் படியுங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு. மாட்டுத் தகராறில் ஐடாஸ் என்பவன் காஸ்டரை ஈட்டியால் குத்திவிடுகிறான். பொலக்ஸ் துரத்துகிறான். ஐடாஸும் அவன் சகோதரன் லின்சியஸும் தங்கள் அப்பாவின் கல்லறைக் கல்லையே பிடுங்கி அவன் மார்பில் எறிகிறார்கள். அவன் அசையவில்லை. லின்சியஸைக் கொல்கிறான், ஐடாஸை ஸியூஸின் இடி எரிக்கிறது. ஓடித் திரும்பி வந்தால் காஸ்டருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. பொலக்ஸ் அழுதபடி அப்பாவிடம் கேட்பது என்ன? 'என் தம்பியைக் காப்பாற்று' என்றா? இல்லை. 'இவனோடு எனக்கும் சாவைக் கொடு.' இவனோடு. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் கதையே இல்லை. ஸியூஸ் தரும் வழியும் அதுதான்: எல்லாவற்றையும் அவனோடு சமமாகப் பகிர நினைத்தால், பாதிக் காலம் மண்ணுக்கடியில், பாதிக் காலம் விண்ணின் பொன் மாளிகையில். பொலக்ஸ் இரண்டாவது யோசனை செய்யவில்லை. ஒரு நாள் ஸியூஸிடம், மறுநாள் ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்துத் தெரப்னே மண்ணுக்குள், இருவரும் சேர்ந்தே. நான் அப்படித்தான் படிக்கிறேன். முறை வைத்துத் தனித்தனியாக இருப்பதற்கு எவனாவது சாவைக் கேட்பானா?

எனக்கு ஒன்பது வயதில் தம்பிக்கு அம்மை போட்டது. உள்ளறையில் பாய், சுற்றி வேப்பிலை. என்னைத் திண்ணையில் படுக்க வைத்தார்கள், விடிந்ததும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ராத்திரி அவன் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் அவன் பாயில் படுத்துவிட்டேன். அவன் உடம்பு கொதித்தது, வேப்பங்குச்சி என் முதுகில் குத்தியது. நன்றாகத் தூங்கினேன். காலையில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் எனக்கும் போட்டது. நான் தம்பிக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆர். அவன் இல்லாமல் திண்ணையில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த விஷயத்தின் மேல் தியாகம் என்று எழுதி ஒட்டாதீர்கள்.

சின்னவனிடம் இன்றைக்கே திருத்திச் சொல்லுங்கள். பிண்டார் முடிக்கும் இடத்திலேயே நீங்களும் முடியுங்கள்: காஸ்டரின் கண் திறந்தது, அப்புறம் குரல். மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு இருவரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். தலைக்கு மேலே, சற்று வடக்கே, நாம் புனர்பூசம் என்கிற இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும். கொஞ்சம் மங்கலாக இருப்பது காஸ்டர். பக்கத்திலேயே பொலக்ஸ்.